ஆன்லைனில் வரும் ‘ஏர்சாப்ட்’ துப்பாக்கி பொம்மையா, ஆயுதமா? பார்சல் கஸ்டம்சில் சிக்கினால் கொல்லிமலை வாலிபரின் கதி என்ன?

கொல்லிமலை:-

காரவள்ளியில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்சில் வந்தால் பாதி பேருக்கு தலை சுத்தும், மீதி பேருக்கு குமட்டும். ஆனால் செல்போனில் விரலை தேய்த்தால் போதும். ஹாங்காங் கடையும் தைவான் கடையும் செம்மேடு டீக்கடை பெஞ்சுக்கே வந்து உட்கார்ந்து கொள்கின்றன. வாட்ச், டார்ச் லைட், ஷூ என்று ஆரம்பிக்கும் ஆசை சிலருக்கு துப்பாக்கியில் போய் நிற்கிறது.

நிஜ துப்பாக்கி இல்லை. ‘ஏர்சாப்ட்’ என்று பெயர். பார்த்தால் அச்சு அசல் ராணுவ துப்பாக்கி. உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், சிலவற்றில் பேட்டரி மோட்டார். சுடுவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. ஜப்பானில் விளையாட்டுக்காக தொடங்கியது. 1991-ல் டோக்கியோ மருய் என்ற கம்பெனி பேட்டரியில் ஓடும் மாடலை கொண்டு வந்த பிறகு உலகம் முழுக்க பரவியது. காட்டுக்குள் இரண்டு கோஷ்டியாக பிரிந்து, கண்ணுக்கு கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். அடி பட்டவர் கையை தூக்கிக்கொண்டு வெளியே போய் விட வேண்டும்.

முழு துப்பாக்கியை வாங்கினால் மாட்டிக்குவோம் என்று பயந்து, ‘பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டிக்கலாம்’ என்று கணக்கு போடுபவர்கள் உண்டு. இன்று ஒரு ஸ்பிரிங், அடுத்த மாதம் உள் குழாய், அதற்கு அடுத்த மாதம் கியர் பாக்ஸ். “அண்ணே, பொம்மை துப்பாக்கிதானே, இதுக்கு எதுக்கு லைசென்சு?” என்பதுதான் வழக்கமான கேள்வி.

கேள்வி நியாயமான கேள்வி. பதில்தான் நினைக்கிற மாதிரி இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

1959-ம் ஆண்டு ஆயுத சட்டத்தில் ‘ஆயுதம்’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ செய்யப்பட்ட கருவி எல்லாம் ஆயுதம். அதன் உதிரி பாகமும் ஆயுதம்தான். இங்கேயே பார்ட் பார்ட்டாக வாங்கும் கணக்கு அடிபட்டு விடுகிறது.

அதே விளக்கத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் பயன்படும் சாமான், சாதாரண தடி, கம்பு இதெல்லாம் ஆயுதம் இல்லை. பொம்மையாக தவிர வேறு எதற்கும் பயன்படாத, நிஜ ஆயுதமாக மாற்றவும் முடியாத சாமானும் ஆயுதம் இல்லை. இரண்டு கண்டிஷன். விளையாட்டு சாமானாக இருந்தால் மட்டும் போதாது, அதை மாற்றவும் முடியக் கூடாது. பாகங்களை கழற்றி, கனமான ஸ்பிரிங் போட்டு வேகத்தை ஏற்றுவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் ஒரு சாமானுக்கு இந்த இரண்டாவது கண்டிஷன் பொருந்துமா என்று கேட்டால், எந்த அதிகாரியும் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்வார்.

‘வெடிமருந்து இல்லையே, வெறும் காத்துதானே’ என்ற சமாதானமும் எடுபடாது. வெடிமருந்தாலோ அல்லது வேறு எந்த விதமான சக்தியாலோ குண்டை வெளியே தள்ளும் ஆயுதம் எல்லாமே துப்பாக்கிதான் என்று சட்டம் விரிவாக வலை போட்டு வைத்திருக்கிறது.

அடுத்து 2016-ல் வந்த ஆயுத விதிகள். ஏர்கன் விஷயத்தில் இரண்டு அளவு கோல் வைத்தார்கள். குண்டு வெளியே வரும்போது அதன் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டில் எதை தாண்டினாலும் உரிமம் வேண்டும். கடைகளில் உரிமம் இல்லாமல் விற்கப்படும் ஏர்கன்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் செய்யப்பட்டவை.

சக்தி கணக்கு ரொம்ப சிம்பிள். 0.2 கிராம் பிளாஸ்டிக் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் 1 ஜூல். அரை கிராம் ஈயக் குண்டு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். அதாவது ஏர்சாப்ட் என்பது சக்தியில் ஏர்கன்னுக்கு பத்தில் ஒரு பங்குதான். அந்த பக்கம் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

வம்பு எங்கே வருகிறது என்றால் குழாயில். ஏர்சாப்ட் குண்டு 6 மில்லிமீட்டர். விதி சொல்லும் 4.5 மில்லிமீட்டரை விட பெரியது. எழுத்துக்கு எழுத்து படிக்கும் அதிகாரி கையில் பார்சல் மாட்டினால், சக்தி 1 ஜூல்தான் என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவர் பொம்மை என்று விடலாம், இன்னொருவர் ஆயுதம் என்று பிடிக்கலாம். ஜப்பானில் 2006-ல் சட்டத்தை திருத்தி, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுக்கு 0.98 ஜூல் என்று தெளிவாக கோடு போட்டு விட்டார்கள். ஹாங்காங்கில் 2 ஜூல். இங்கிலாந்தில் 2006-ல் வந்த சட்டம், நிஜ துப்பாக்கி மாதிரியே இருக்கும் போலிகளை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை போட்டு, முறையாக இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கு மட்டும் வழி விட்டது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். நம்ம நாட்டில் ஏர்சாப்டுக்கு அந்த மாதிரி தனி கோடு இல்லாததால், எல்லாம் அதிகாரியின் பார்வையில் போய் நிற்கிறது. சாமானியன் தலையில் விடியும் குழப்பம் இது.

பார்சல் மலை ஏறும் வழி

கொல்லிமலை வாலிபர் ஒருவர் வெளிநாட்டு கடையில் ஒரு உள் குழாயும் ஸ்பிரிங்கும் ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாச்சு. கடைக்காரர் டிராக்கிங் நம்பர் அனுப்புகிறார். பத்து நாள் தினமும் போனை நோண்டி பார்க்கிறார்.

பார்சல் நேராக நாமக்கல் வந்து விடாது. தபாலில் வந்தால் வெளிநாட்டு தபால் அலுவலகம், கூரியரில் வந்தால் விமான நிலைய கூரியர் முனையம். இரண்டு இடத்திலும் சுங்கத்துறை ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எக்ஸ்ரே மெஷினில் போகும்போது துணிமணியும் சாக்லேட்டும் ஒரு மாதிரி தெரியும். நீளமான உலோக குழாய் பளிச்சென்று தெரியும்.

‘இத்தனை லட்சம் பார்சல்ல என்னோடதையா பார்க்கப் போறாங்க’ என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2021 ஜூலையில் போலந்து நாட்டில் இருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பார்சலை சுங்கத்துறையினர் பிரித்துப் பார்த்தனர். உள்ளே சின்னச்சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள்! அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பார்சல் அது. சிலந்திகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப தபால் துறையிடம் ஒப்படைத்தார்கள். சிலந்தியையே கண்டுபிடிப்பவர்கள் துப்பாக்கி குழாயை விட்டு விடுவார்களா?

சுங்க அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் உண்டு. பொம்மை என்றால் 9503. ஸ்பிரிங், காற்று, கேஸ் துப்பாக்கி என்றால் 9304. அவற்றின் பாகங்கள் என்றால் 9305. ஏர்சாப்ட் பார்சலின் தலையெழுத்தே இந்த நம்பரில்தான் இருக்கிறது. பொம்மை கணக்கில் போனால் வரி கட்டி எடுக்க வழி பார்க்கலாம். ஆயுத கணக்கில் போனால் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அனுமதி எங்கே, லைசென்ஸ் எங்கே என்று கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்து ஆயுதம் கொண்டு வர உரிமம் வேண்டும் என்று ஆயுத சட்டம் 10-வது பிரிவே சொல்கிறது. அந்த காகிதம் சாதாரண ஆளிடம் இருக்காது.

பொம்மை கணக்கும் இனிக்காது. பொம்மைக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதம் ஆனது. 2023 பட்ஜெட்டில் அது 70 சதவீதம் ஆனது. 70 சதவீத கணக்கில் 10 ஆயிரம் ரூபாய் பொருளுக்கு 7 ஆயிரம் வரி. அந்த 10 ஆயிரமும் பொருளின் விலை மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் இன்சூரன்சும் சேர்த்துத்தான் கணக்கு. அதுக்கு மேல் ஜி.எஸ்.டி. கூரியர் கம்பெனியின் சேவை கட்டணம் தனி. வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஜனவரி 1-ந்தேதி முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம் ஆகி விட்டது.

‘கிப்ட்’ என்று போட்டால் தப்பிக்கலாமா?

இது பழைய தந்திரம். முன்பு 5 ஆயிரம் ரூபாய் வரை பரிசு பொருளுக்கு வரி கிடையாது. அதை வைத்து சீன கடைகள் எல்லா பார்சலிலும் ‘கிப்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. மத்திய அரசு முழித்துக்கொண்டது. 2019 டிசம்பரில் தபாலிலும் கூரியரிலும் பரிசு என்ற பெயரில் பொருள் வருவதையே தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கி கயிறுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்கு கூட விலக்கு இல்லை! இன்னமும் பழைய யோசனையை சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை கேட்டால் ஒரு தப்போடு இரண்டாவது தப்பும் சேர்ந்து கொள்ளும்.

வெளிநாட்டு கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து ‘இரும்பு குழாய்’, ‘சைக்கிள் ஸ்பிரிங்’ என்று எழுதி அனுப்புவதும் உண்டு. அதுதான் ஆபத்து. பெயரையோ விலையையோ மாற்றி எழுதினால் சுங்க சட்டம் 111-வது பிரிவில் பொருளை பறிமுதல் செய்யலாம். 112-வது பிரிவில் அபராதம் போடலாம். தடை செய்யப்பட்ட பொருள் என்றால் பொருளின் மதிப்பு அல்லது 5 ஆயிரம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகும். ஆயிரம் ரூபாய் ஸ்பிரிங்குக்கு 5 ஆயிரம்! பொய் எழுதியது ஹாங்காங்காரர். கட்டுவது மிளகு பறிக்க கூலிக்கு போகும் ஆள்.

இன்னொரு விஷயமும் பலருக்கு தெரியவில்லை. அலி எக்ஸ்பிரஸ் என்ற சீன வியாபார ஆப்புக்கு 2020 நவம்பர் 24-ந்தேதி மத்திய அரசு தடை போட்டது. அதன் பிறகு இடைத்தரகர்களும், எங்கே இருக்கிறது என்றே தெரியாத கடைகளும் முளைத்தன. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாவிட்டாலும் போய் கேட்க ஆள் கிடையாது. பேட்டரியும் தலைவலிதான். லித்தியம் பேட்டரியை தனியாக வெளிநாட்டு தபாலில் அனுப்பக் கூடாது. கேஸ் நிரப்பிய சின்ன சிலிண்டரும் அப்படித்தான். விமானத்தில் ஆபத்தான சரக்கு.

நிறுத்தி வைத்தால் என்ன செய்யணும்?

பார்சலை நிறுத்தி வைத்தால் உடனே கைது என்று பதற வேண்டியதில்லை. முதலில் அடையாள அட்டை, வாங்கிய ரசீது, பொருளின் விவரம் கேட்பார்கள். அதில் இருப்பதை இருப்பபடி சொல்வதுதான் நல்லது. பறிமுதல் செய்வதென்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும் என்பது சட்டம். பொருளை கைப்பற்றிய 6 மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும், காரணம் எழுதி இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். நேரில் போய் பேசவும் உரிமை உண்டு. உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு கமிஷனரிடம் போகலாம். எந்த குற்றமும் சம்பந்தப்படாத பொருள் என்றால், ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்து உரிமையை விட்டு விடவும் வழி இருக்கிறது. அப்படி விட்டால் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் போட்ட காசு போனது போனதுதான்.

சட்டத்தில் இத்தனை உரிமை இருந்தாலும், கொல்லிமலையில் இருந்து சென்னைக்கு ஒரு தடவை போய் வருவதற்கு எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்கு பார்த்தால் பாதி பேர் நோட்டீசுக்கு பதிலே போட மாட்டார்கள். பதில் போடாமல் விடுவதுதான் பெரிய தப்பு. அங்கே ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டு விடுவார்கள். தபாலில் ஒரு பதில் அனுப்ப எத்தனை ரூபாய் ஆகி விடப்போகிறது?

பார்சல் நின்றது என்று தெரிந்ததும் இன்னொரு கும்பல் வரும். “கஸ்டம்ஸ் ஆபீசர் பேசறேன், உன் பேருக்கு வந்த பார்சல்ல ஆயுதம் இருக்கு, போதைப்பொருள் இருக்கு, உடனே பணம் அனுப்பு, இல்லாட்டி அரெஸ்ட்” என்று மிரட்டுவார்கள். வீடியோ காலில் காக்கி சட்டையோடு ஒருவர் வந்து நிற்பார். ஏற்கனவே மனசுக்குள் பயம் இருப்பவர் எளிதில் விழுந்து விடுவார். சுங்கத்துறை யாரையும் போனில் கைது செய்யாது, தனி ஆளின் அக்கவுண்டுக்கு பணமும் கேட்காது. துறையில் இருந்து வரும் கடிதத்தில் ஒரு அடையாள எண் அச்சாகி இருக்கும். அதை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டு நிஜமா, போலியா என்று பார்க்கலாம். ஏமாந்து விட்டால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

மலைக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

இதே பார்சல் சென்னை அண்ணா நகர் முகவரிக்கு வந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கொல்லிமலை முகவரிக்கு வந்தால் வேறு மாதிரி பார்க்க வாய்ப்பு இருக்கிறது. காரணம், நாட்டுத்துப்பாக்கி.

வாழவந்திநாடு, செங்கரை போலீஸ் நிலையங்களுக்கு உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கி வழக்கு புதிது இல்லை. கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, ஏற்காடு என்று கிழக்கு தொடர்ச்சி மலை முழுக்க இதே கதைதான். தாத்தா காலத்து துப்பாக்கி பரணில் கிடக்கும். போலீசார் ஊர் ஊராக போய் தானாக கொண்டு வந்து கொடுங்கள் என்று அறிவிப்பார்கள். அந்த பின்னணி உள்ள மலைக்கு, வெளிநாட்டில் இருந்து துப்பாக்கி குழாயும் ஸ்பிரிங்கும் போகிறது என்று தகவல் வந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா?

தண்டனையும் லேசானது இல்லை. 2019 டிசம்பரில் ஆயுத சட்டத்தை திருத்திய பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டில் இருந்து 5 ஆண்டு வரை ஜெயில். இதை விட பகீர் சமாச்சாரம், போலி துப்பாக்கியை நிஜ துப்பாக்கியாக மாற்றுவது. ஆயுத சட்டம் 6-வது பிரிவு இதை உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை! வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து ‘கொஞ்சம் பவர் ஏத்திப் பார்ப்போம்’ என்று ஆரம்பிப்பவருக்கு இது தெரியாது. தெரியாது என்று சொன்னால் கோர்ட்டு விட்டும் விடாது.

பொம்மையா நிஜமா என்ற சண்டை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் வியட்நாமில் இருந்து டெல்லி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு தம்பதியின் பெட்டியில் 45 கைத்துப்பாக்கிகள் இருந்தன. நாடே பரபரப்பானது. அவை சுடுமா, சுடாதா என்று தேசிய பாதுகாப்பு படையின் கருத்து கேட்கப்பட்டது. முழுக்க வேலை செய்யக்கூடியவை என்று முதல்கட்ட அறிக்கை வந்தது. பார்வைக்கு எது எது என்று அதிகாரிகளுக்கே உடனே சொல்ல முடியாத நிலை என்றால், இருட்டில் ரோந்து போகும் போலீஸ்காரர் என்ன நினைப்பார்?

அமெரிக்காவில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. 2014 நவம்பர் 22. கிளீவ்லேண்ட் நகரில் ஒரு பூங்காவில் தமிர் ரைஸ் என்ற 12 வயது சிறுவன் ஏர்சாப்ட் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்று காட்ட முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிற மூடி அதில் இல்லை. யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள். கார் வந்து நின்ற ஒரு சில வினாடிக்குள் போலீஸ்காரர் சுட்டு விட்டார். மறுநாள் சிறுவன் இறந்து போனான். இத்தனைக்கும் அந்த நாட்டில் துப்பாக்கி என்பது மளிகை சாமான் மாதிரி.

இங்கே ரீல்ஸ் மோகத்தில் துப்பாக்கியை தூக்கிக்கொண்டு ஆகாய கங்கை படிக்கட்டில் நின்று வீடியோ எடுக்க நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். மலையில் துப்பாக்கியோடு ஒருவரை பார்த்தால், வேட்டைக்கு போகிறான் என்றுதான் வனத்துறை முதலில் நினைக்கும்.

பன்றிக்கு பிளாஸ்டிக் குண்டா?

இன்னொரு தரப்பும் உண்டு. விளையாட்டுக்கு இல்லை, வயலுக்கு. காட்டுப்பன்றி இரவில் புகுந்தால் மரவள்ளி தோட்டம் காலையில் உழுது போட்ட மாதிரி கிடக்கும். குரங்கு கூட்டம் வந்தால் வாழையும் பலாவும் மிஞ்சாது. கையில் ஏதாவது ஒன்று இருந்தால் தேவலை என்று விவசாயி நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் ஏர்சாப்ட் குண்டு பன்றியின் தோலில் கொசு கடித்த மாதிரி. ஏர்கன்னை முடுக்கி விட்டு சுட்டாலும் பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். காயம் பட்ட பன்றி மறுநாள் விறகு பொறுக்க போகும் பெண்ணை முட்டினால் யார் பொறுப்பு? தவிர, காட்டுப்பன்றி வன உயிரின பாதுகாப்பு சட்டத்தில் வருகிறது. தன் தோட்டத்திலேயே என்றாலும் சுட்டால் கேஸ். பறவைக்கும் அதேதான். அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் கரண்ட் விடுவதும் அதை விட மோசம், மனுஷனே செத்துப்போகிறான்.

காட்டுப்பன்றி தொல்லைக்கு தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியை பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்து பிடித்து காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். சமவெளிக்காரர்களுக்கு சரி. கொல்லிமலையில் காப்புக்காட்டை ஒட்டியே ஊரும் தோட்டமும் இருக்கும் இடங்கள் எத்தனையோ. வீட்டு கொல்லையே காடு என்று இருப்பவருக்கு 3 கிலோமீட்டர் தூரத்துக்கு எங்கே போவது? அதிக சேதம் படுபவருக்கு குறைந்த உதவி என்று உத்தரவு தலைகீழாக நிற்கிறது. இதை மலைவாழ் மக்களின் பிரதிநிதிகள்தான் உரக்க கேட்க வேண்டும்.

யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பயிர் பாதுகாப்புக்காக நிஜமாகவே தேவைப்படுகிறது என்றால், குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று ஆயுத சட்டம் 13-வது பிரிவு சொல்கிறது. மனு கலெக்டருக்கு போக வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். இழுத்தடிக்கும், ஒரு வேளை கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் சத்தம் போட்டு விரட்டத்தான் உதவும், பன்றியை கொல்ல அது அனுமதி ஆகாது. ஆனால் நேர் வழி. பரணில் இருக்கும் துப்பாக்கிக்காக ஒவ்வொரு ரெய்டுக்கும் பயந்து சாக வேண்டியதில்லை.

அருணாச்சல பிரதேசத்தில் மலைவாழ் மக்கள் வேறு மாதிரி முடிவு எடுத்தார்கள். அங்கே வீட்டுக்கு வீடு ஏர்கன் இருக்கும், பறவை வேட்டை வழக்கம். 2021 மார்ச்சில் லும்டுங் என்ற கிராமத்தில் ஏர்கன்னை ஒப்படைக்கும் இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. கேஸ் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஊர் பெரியவர்களை முன்னால் நிறுத்தினார்கள். 2 ஆயிரத்துக்கும் மேல் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. பிரதமரே ரேடியோவில் பாராட்டினார். நம்ம மலையிலும் 14 நாடு, நாட்டுக்கு நாடு ஊர் பெரியவர்கள் இருக்கிறார்கள். ரெய்டுக்கு ஜீப் ஏறும் முன்பு அவர்களை கூப்பிட்டு பேசிப் பார்க்கலாமே.

துப்பாக்கி சுடுவதில் நிஜமாகவே ஆர்வம் உள்ள பையன்களுக்கு ரைபிள் கிளப், மாவட்ட போட்டி, மாநில போட்டி, தேசிய ரைபிள் சங்கம் என்று ஒரு பாதை இருக்கிறது. செலவு பிடிக்கும் விளையாட்டு, மலைப்பையனுக்கு எட்டாது என்பதும் உண்மை. ஆனால் வில் இருக்கிறதே! செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாக புறநானூற்றில் வருகிறது. இன்றைக்கு ஓரியே வந்து அப்படி எய்தாலும் ஐந்து கேஸ் போட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆடி மாதம் அவர் பெயரில் அரசு எடுக்கும் விழாவில் வில்வித்தை போட்டி நடக்கிறது. அதில் ஜெயிக்கும் பையனுக்கு விழா முடிந்த மறுநாள் பயிற்சி பெற மலையில் என்ன வசதி இருக்கிறது என்று விளையாட்டுத்துறை அதிகாரிகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போதைக்கு, ஆர்டர் போட்டு விட்டு டிராக்கிங்கை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பொருள் இன்னும் கிளம்பவில்லை என்றால் கடைக்காரருக்கு இன்றே எழுதி கேன்சல் செய்யணும். கிளம்பி விட்டது என்றால் வாங்கிய ரசீதை, பணம் கட்டிய விவரத்தை, கடையின் பொருள் படத்தை எடுத்து பத்திரமாக வைத்துக்கொள்ளணும். அதிகாரி கேட்கும்போது காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.